2020 என்றால் எந்த 2020?

ஒரு வரி நிரல் எழுதினால் போதும், ஏறக்குறைய எந்த நாட்டின் பொருளாதார வளர்ச்சி விகிதமும் கைக்கு வந்துவிடும். 2010 ஏப்ரலில் உலக வங்கி தன் தரவுக் கிடங்கை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. அதன் ஏபிஐ (நிரல்கள் நேரடியாகத் தரவு கேட்டுப் பெறும் வழி) முகவரியில் நாட்டின் மூன்றெழுத்துக் குறியீடு, வேண்டிய அளவீட்டின் குறியீடு, ஆண்டு மூன்றையும் போட்டு அனுப்பினால் நொடியில் பதில் வரும். கடவுச்சொல் இல்லை, பதிவு இல்லை.

அந்த ஒரு வரியைச் சுற்றி நான் ஒரு சின்னக் கருவி எழுதினேன். நிரல் 40 வரிகூட வராது. அலுவலகத்தில் மற்றவர்களும் பயன்படுத்தட்டும் என்று அதற்கு விளக்கக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். குறிப்பு நிரலைவிட நீண்டுகொண்டே போனது.

முதலில் அந்தக் குறியீடு. என்ஒய்.ஜிடிபி.எம்கேடிபி.கேடி.இசட்ஜி. பார்க்க வண்டி எண் மாதிரி இருந்தாலும் ஒவ்வொரு துண்டுக்கும் பொருள் உண்டு. 'என்ஒய்' தேசியக் கணக்குகளைக் குறிக்கிறது. 'ஜிடிபி' மொத்த உள்நாட்டு உற்பத்தி. 'எம்கேடிபி' சந்தை விலை. 'கேடி' நிலையான விலை. 'இசட்ஜி' ஆண்டு வளர்ச்சி விகிதம். கடைசித் துண்டை விட்டுவிட்டால் சதவீதத்துக்குப் பதில் டாலர் தொகை வந்து நிற்கும். அதோடு 'கேடி'யை 'சிடி' என்று மாற்றிவிட்டால் நடப்பு விலையில் வரும்.

நிலையான விலை எதற்கு? ஒரு கடையில் போன வருடம் தினம் 100 இட்லி, ஒன்று 10 ரூபாய், வரவு 1,000. இந்த வருடம் 104 இட்லி, ஒன்று 11 ரூபாய், வரவு 1,144. கல்லாவைப் பார்த்தால் 14.4 சதவீத வளர்ச்சி. இட்லியை எண்ணினால் வெறும் 4. வளர்ச்சி விகிதம் என்று செய்தியில் வருவது இந்த 4-தான். இங்கே ஒரு வேடிக்கை: 'கேடி' என்பதில் உள்ள 'டி' டாலரைக் குறிக்கிறது, ஆனால் ஒரு நாட்டின் வளர்ச்சி விகிதத்தைக் கணக்கிடுவது அந்த நாட்டின் சொந்த நாணயத்தில். ரூபாய் மதிப்பு ஏறினாலும் இறங்கினாலும் இந்த எண் அசையாது. பெயரை மட்டும் நம்பினால் இதை யூகிக்க முடியாது.

அப்புறம் பக்கக் கணக்கு. பதில் இரண்டு பகுதியாக வரும். முதல் பகுதியில் மொத்தம் எத்தனை வரிசை, எத்தனை பக்கம், தரவு கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்ற விவரம். இரண்டாவது பகுதியில்தான் எண்கள். முதல் பகுதியை நான் படிக்காமலே தூக்கிப் போட்டேன். நாமாகக் கேட்காவிட்டால் ஒரு பக்கத்துக்கு 50 வரிசைதான் வரும். எல்லா நாடுகளையும் ஒரே ஆண்டுக்குக் கேட்டபோது 50 வரிசை வந்தது, சரி என்று வரைபடமும் போட்டுவிட்டேன். பார்த்தால் "அரபு உலகம்", "உயர் வருவாய் நாடுகள்", "கரீபியன் சிறு நாடுகள்" என்று நிற்கின்றன. உலக வங்கி நாடுகளின் கூட்டங்களையும் நாடுகளோடு ஒரே பட்டியலில், அதுவும் முன்னால் வைக்கிறது. நிரல் ஒரு பிழையும் காட்டவில்லை. காட்டாது.

ஆனால் என்னை இரண்டு நாள் உட்கார வைத்தது வேறு ஒன்று. ஆண்டு என்ற கட்டம்.

2020-ஐக் கேட்டால் இந்தியாவுக்கு மைனஸ் 5.8, வங்கதேசத்துக்கு பிளஸ் 3.4 என்று வரும். பக்கத்து வீடு இப்படித் தப்பித்திருக்கிறதே என்று தோன்றும். இந்தியாவின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. உலக வங்கி அதைத் தொடங்கும் ஆண்டின் பெயரால் குறிக்கிறது, ஆகவே இந்தியாவின் 2020 என்பது 2020 ஏப்ரல் முதல் 2021 மார்ச் வரை. வங்கதேசத்தின் நிதியாண்டு ஜூலையில் தொடங்குகிறது, அதை முடியும் ஆண்டின் பெயரால் குறிக்கிறது. அதனால் அவர்களின் 2020 என்பது 2019 ஜூலை முதல் 2020 ஜூன் வரை. ஒரே தலைப்பின் கீழ் நிற்கும் இந்த இரண்டு எண்களுக்கும் பொதுவாக இருப்பது 2020 ஏப்ரல், மே, ஜூன் என்ற மூன்றே மாதம்! இந்தியக் கணக்கு ஊரடங்குக்குள்ளேயே பிறக்கிறது. வங்கதேசக் கணக்கில் முதல் ஒன்பது மாதமும் ஏறக்குறைய கொரோனாவுக்கு முந்தைய சாதாரண நாட்கள். இலங்கையை எடுத்தால் அங்கே ஜனவரி முதல் டிசம்பர் வரை. கட்டத்தின் தலைப்பில் இது எதுவும் தெரியாது. பதிலில் வருவது "2020" என்ற நான்கு இலக்கம் மட்டும்.

அந்த மைனஸ் 5.8-கூட ஒரே நாளில் பிறந்ததில்லை. 2021 ஜனவரியில் முதல் முன்கூட்டிய மதிப்பீடு மைனஸ் 7.7. பிப்ரவரியில் மைனஸ் 8. மே மாதம் மைனஸ் 7.3. 2022 ஜனவரியில் மைனஸ் 6.6. 2023 பிப்ரவரியில்தான் மைனஸ் 5.8. யாரும் ஏமாற்றவில்லை. கணக்குப் போடும்போது கையில் இருப்பது பெரிய நிறுவனங்களின் கணக்கும் சில மாத உற்பத்தி விவரமும். முழுக் கணக்கு வர வர எண் நகர்கிறது. அடிப்படை ஆண்டை, அதாவது நிலையான விலைக்கு எந்த ஆண்டின் விலையை எடுக்கிறோமோ அதை, மாற்றினால் இன்னும் பெரிதாக நகரும். 2015 ஜனவரியில் இந்தியா 2004-05-லிருந்து 2011-12-க்கு மாறியபோது 2013-14-இன் வளர்ச்சி 4.7-லிருந்து 6.9 ஆனது. சாதாரணமாகக் கேட்டால் உலக வங்கியின் ஏபிஐ பழையதைக் காட்டாது, கேட்கும் நாளில் உள்ளதைத்தான் தரும். அதனால் என் கருவி இப்போது ஒவ்வொரு வரிசையோடும் எடுத்த தேதியையும் எழுதிவைக்கிறது. ஆறு மாதம் கழித்து "உன் எண் ஏன் மாறியிருக்கிறது" என்று யாராவது கேட்டால் காட்ட ஏதாவது வேண்டும்.

காலாண்டு எண்களை நான் கருவியில் சேர்க்கவே இல்லை. 2020 ஏப்ரல்-ஜூன் காலாண்டுக்கு இந்தியா முதலில் மைனஸ் 23.9 என்று சொன்னது, முந்தைய ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிட்டு. அமெரிக்கா முதலில் சொன்னது மைனஸ் 32.9. அது முந்தைய காலாண்டோடு ஒப்பிட்ட வீழ்ச்சி ஒரு முழு ஆண்டும் அதே வேகத்தில் நீடித்தால் என்னவாகும் என்ற கணக்கு. அந்த மூன்று மாதத்தில் உண்மையில் சுருங்கியது 9.5 சதவீதம். இரண்டையும் பக்கத்தில் வைத்தவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

கடைசியாக ஒரு வடிகட்டி. 15 சதவீதத்துக்கு மேல் வளர்ச்சி வந்தால் தரவுப் பிழை என்று தள்ளிவிடும்படி நான்தான் போட்டிருந்தேன். அது கயானாவின் 2022-ஐத் தூக்கி எறிந்தது. எட்டு லட்சம் பேர் உள்ள நாடு 2019 டிசம்பரில் கடலடியிலிருந்து எண்ணெய் எடுக்கத் தொடங்கி, 2022-இல் 60 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. எண்ணெய் நிஜம், எண்ணும் நிஜம். அயர்லாந்தின் 2015-ஐயும் எறிந்தது. அங்கே 2016 ஜூலையில் 26.3 சதவீதம் என்று அறிவித்தார்கள். பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் காப்புரிமை போன்ற சொத்துகளை ஏட்டளவில் அந்த நாட்டுக்கு மாற்றியதுதான் பெரும் காரணம், டப்ளின் தெருவில் யாருக்கும் கால் பங்கு வருமானம் கூடிவிடவில்லை. இரண்டு எண்ணும் விதிப்படி சரியானவை. வடிகட்டியை எடுத்துவிட்டு, குறிப்பில் அந்த இரண்டு நாடுகளுக்கும் தனித்தனியாக ஒரு பத்தி எழுதினேன்.