நீளாத பெட்டி: இமாச்சல் ஆப்பிளுக்கு வந்த அட்டைப்பெட்டி விதி

இமாச்சலப் பிரதேச ஆப்பிளை 2024 சீசன் முதல் ‘யுனிவர்சல் கார்ட்டன்’ என்ற ஒரே அளவு அட்டைப்பெட்டியில்தான் கட்டி மண்டிக்கு அனுப்ப வேண்டும். அதில் 20 முதல் 24 கிலோ வரைதான் பிடிக்கும். ஆண்டுக்குச் சுமார் 5,000 கோடி ரூபாய் புரளும் தொழிலில், ஓர் அட்டைப்பெட்டிக்கு மாநில அரசு ஏன் விதி போட்டது? பழைய பெட்டியைப் பார்த்தால் விளங்கும்.

அதன் பெயர் டெலஸ்கோப்பிக் கார்ட்டன். உள்பெட்டி ஒன்று, அதன்மேல் கவிழ்க்கும் வெளிப்பெட்டி ஒன்று. புடவைப் பெட்டியின் மூடி மாதிரி. மூடியை மேலே இழுத்துக்கொண்டே போகலாம், பெட்டி மூடியிருப்பதாகவே தெரியும். பேருக்கு அது 20 கிலோ பெட்டி; உள்ளே 28 கிலோ, சமயத்தில் 30க்கும் மேல். ஏலம் மட்டும் பெட்டிக்கு இவ்வளவு என்றே போகும். 500 பெட்டி அனுப்புகிறவர் பெட்டிக்கு 8 கிலோ கூடுதலாக அடைத்தால், 4 டன் பழம் கணக்கில் வராமலே லாரி ஏறுகிறது.

குறைத்துக் கட்டினால் தீராதா என்றால், தீராது. ‘லடானி’ எனப்படும் வெளிமாநில வியாபாரிக்கு எடை தெரியும். பக்கத்துப் பெட்டி 28 கிலோ என்றால் 22 கிலோ பெட்டிக்கு அடிமாட்டு விலைதான் கேட்பார். அப்போது லாரி வாடகையும் பெட்டிக் கணக்கு என்பதால் கனத்த பெட்டி அவருக்கு இரட்டை லாபம். தனி ஒரு விவசாயி இதை மாற்ற முடியாது. எல்லோரையும் ஒரே நாளில் மாற வைத்தால்தான் உண்டு. 2023இல் கிலோ கணக்கில்தான் விற்க வேண்டும், பெட்டிக்கு 24 கிலோ உச்சவரம்பு என்று அரசு சொல்லிப் பார்த்தது. நீளும் பெட்டி கையில் இருக்கும்வரை வரம்பு எங்கே நிற்கும்? மறு ஆண்டே பெட்டியை மாற்றினார்கள். புதியது ஒரே துண்டு அட்டையில் மடித்துச் செய்வது, உயரத்தைக் கூட்ட முடியாது.

கட்டும்போது கவனிக்க வேண்டியது அடுக்கு. பழம் குழியுள்ள அட்டைத் தட்டுகளில் அமர்கிறது. ‘லார்ஜ்’ அளவு வழக்கமாகப் பெட்டிக்கு 80 பழம், ‘மீடியம்’ அடுக்குக்கு 20 வீதம் ஐந்து அடுக்கு, 100 பழம். கூடுதலாக ஓர் அடுக்கைத் திணித்தால் மேல்மடிப்பு புடைக்கும். அப்போது மேலே ஏற்றும் பெட்டியின் பாரத்தை அட்டைச் சுவர் தாங்காது, பழம்தான் தாங்கும். மண்டியில் பிரிக்கையில் மேலடுக்கு முழுக்கக் கன்றிப்போன வட்டங்கள் தெரியும். தளர்வாகக் கட்டினாலும் கேடுதான்: மலைப்பாதை வளைவுகளில் பழம் உருண்டு காம்பு குத்தும். மட்டமான அட்டையில் செய்த பெட்டி ஈரம் பட்டதும் அடிவரிசையில் நசுங்கும் என்பதால், பெட்டி வாங்கும்போதே ஒன்றை அழுத்திப் பார்ப்பது நல்லது.

அட்டைப்பெட்டிக்கான ஜிஎஸ்டி 2024இல் 18 சதவீதத்திலிருந்து 12 ஆனது. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். பில்லில் பழைய விகிதம் போட்டிருந்தால் கேளுங்கள்.

ஒரே அளவுப் பெட்டி என்பது இமாச்சல் மாநில விதி. காஷ்மீர் ஆப்பிளுக்குப் பொருந்தாது. கோயம்பேட்டில் இரண்டும் வெவ்வேறு பெட்டியில் இறங்கினால் குழம்ப வேண்டாம். வாங்கும்போது பெட்டி விலையைக் கிலோவுக்கு வகுத்து ஒப்பிடுங்கள்.

ஆலங்கட்டி பட்டது, பறவை கொத்தியது போன்ற ‘சி’ கிரேடு பழத்தைப் பெட்டியில் நுழைக்கவே வேண்டாம். அடியில் ஒளித்த ஒரு தட்டு மொத்த லாட்டின் விலையையும் இறக்கிவிடும். சந்தைத் தலையீட்டுத் திட்டத்தில் அரசே ‘சி’ கிரேடு பழத்தை வாங்குகிறது. 2022இல் கிலோ ரூ.10.50 ஆக இருந்த விலை, 2023இல் ரூ.12 ஆனது. எச்பிஎம்சி (மாநிலத் தோட்டக்கலை விற்பனைக் கழகம்), ஹிம்ஃபெட் (மாநிலக் கூட்டுறவு விற்பனை இணையம்) ஆகியவற்றின் கொள்முதல் மையங்களில் கொடுக்கலாம். பெரும்பகுதி பர்வானு போன்ற ஊர்களில் உள்ள ஆலைகளுக்குப் போய்ச் சாறாகிறது. அழுகல் இருந்தால் திருப்பிவிடுவார்கள். பணம் உடனே கைக்கு வராது, ஒரு பகுதியை மருந்து, உரமாகக் கழித்துக்கொள்வதும் உண்டு. அதுவரை எடைச்சீட்டுதான் ஆதாரம்: எடை, தேதி, பெயர் மூன்றும் சரியா என்று அங்கேயே நின்று பாருங்கள்.