டெக்ஸ்சருக்கு முன்னால் சுவரைப் பாருங்கள்

"டெக்ஸ்சர் அடித்துவிட்டால் எல்லாம் மறைந்துவிடும்தானே?" வீட்டைப் புதுப்பிக்கக் கூப்பிடுகிறவர்கள், டெக்ஸ்சர் என்ற டிசைன் இழுக்கும் கனமான சுவர்ப்பூச்சைப் பற்றிப் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். மறையாது. சின்ன மேடுபள்ளம் கண்ணுக்குத் தப்பலாம், அவ்வளவுதான். ஓதமும் உப்பும் வளர்ந்துகொண்டே போகும் விரிசலும் எவ்வளவு கனமான பூச்சாக இருந்தாலும் வெளியே வந்துவிடும், வரும்போது அந்தப் பூச்சையும் பாளம் பாளமாகப் பெயர்த்துக்கொண்டுதான் வரும்.

சுவரில் வெள்ளையாகப் பூத்திருப்பதைத் துடைத்துவிட்டு அப்படியே பட்டி (சுவரைச் சமமாக்கும் மாவுப் பூச்சு) பார்க்கிறார்கள். அது சுவருக்குள் இருக்கும் உப்பு, தண்ணீர்தான் அதை வெளியே கொண்டுவருகிறது. குழாய்க் கசிவா, குளியலறை டைல்ஸ் இடுக்கா, வெளிச்சுவர் விரிசலா என்று கண்டுபிடித்து அடைக்காமல் மேலே என்ன பூசினாலும் வீண். சந்தேகமாக இருந்தால் ஓரடிச் சதுர பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள். தாளின் உள்பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது, வெளிப்பக்கம் மட்டும் என்றால் அது அறைக் காற்றின் ஈரம். புதிதாகச் சிமெண்ட் பூசிய இடத்தை 28 நாளாவது ஆறவிடுங்கள், ஆறாத பூச்சில் இருக்கும் காரம் பெயிண்டை அரித்துவிடும்.

அப்புறம் தூசி. இதை யாருமே பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். பழைய வீட்டுப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம், உலர்வாகத் தேய்த்தாலோ சூடுகாட்டி உரித்தாலோ அது தூசியாகவும் புகையாகவும் வீடெங்கும் பரவும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம், குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே அது பாதிக்கிறது. பழைய பெயிண்ட் என்றால் முதலில் சோதித்துப் பாருங்கள். அதற்கு வழியில்லையென்றால் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு நனைத்துச் சுரண்டச் சொல்லுங்கள், கதவிடுக்கை மூடுங்கள், துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். வேலை முடிந்து சுத்தம் செய்யும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வர வேண்டாம். மூக்கில் கட்டிய கைக்குட்டை இந்தத் தூசியைத் தடுக்காது, வேலை செய்கிறவருக்கு முகத்தில் சரியாகப் பொருந்தும் வடிகட்டி முகக்கவசம் வேண்டும்.

விரிசலை மேலோட்டமாக அடைக்காமல் கொஞ்சம் அகலமாகக் கீறி, தூசி தட்டி நிரப்ப வேண்டும், தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் வலை வைத்தால் நல்லது. பட்டியைத் தடிமனாக அப்பினால் காயும்போது வெடிக்கும், மெல்லிசாக இரண்டு கோட் போதும். உப்புத்தாள் போட்டபின் இருட்டில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள், பகலில் தெரியாத மேடெல்லாம் நிழலோடு தெரியும். உள்ளங்கையால் தடவினால் மாவு ஒட்டுகிறதா? அப்படியென்றால் பிரைமர் என்ற அடிப்பூச்சு சுவரில் பிடிக்காது, அந்த மாவில்தான் பிடிக்கும்.

பிரைமரைத் தவிர்த்தால் சுவர் டெக்ஸ்சரின் ஈரத்தை அங்கங்கே உறிஞ்சிவிடும், டிசைன் இழுக்க நேரம் கிடைக்காமல் திட்டுத்திட்டாகக் காயும். ஒரு சுவரை ஆரம்பித்தால் மூலையிலிருந்து மூலைவரை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும், பாதியில் சாப்பிடப் போனால் அந்த இணைப்பு கடைசிவரை தெரியும். முதலில் ஒரு பலகையில் மாதிரி போட்டுக் காட்டச் சொல்லுங்கள், ஏனென்றால் பிடிக்கவில்லை என்று பிறகு எடுப்பது போடுவதைவிடப் பெரிய வேலை. கொட்டேஷன் வாங்கும்போதும் சுரண்டல், விரிசல் அடைப்பு, பட்டி, பிரைமர் எல்லாவற்றையும் தனித்தனி வரியாக எழுதி வாங்குங்கள்.