எரிவாயு அடுப்பின் பைலட் சுடர் நிற்கவில்லையா? குமிழைக் கம்பியால் கட்டாதீர்கள்

திருகோணமலைப் பக்கத்தில் எரிவாயு அடுப்புகளைப் பழுதுபார்ப்பது என் வேலை. சென்ற பருவத்தில் ஒரு நாள் விடிந்தும் விடியாததுமாக உப்புவெளியில் உள்ள ஓர் உணவகத்திலிருந்து அழைப்பு வந்தது. நான் போனபோது சமையற்காரர் முற்றத்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். கதவைத் திறந்ததுமே எரிவாயு வாடை முகத்தில் அடித்திருக்கிறது. அவர் விளக்குச் சுவிட்சைத் தொடவில்லை. அப்படியே பின்வாங்கி, கட்டடத்துக்கு வெளியே இருக்கும் சிலிண்டரின் வால்வை மூடிவிட்டு, கதவு சன்னல்களைத் திறந்துபோட்டு விலகி நின்றிருக்கிறார். அந்தப் புத்திக்காக அவருடைய கைகளைப் பற்றிக்கொண்டேன். வாடை முற்றாகப் போகும்வரை இருவரும் உள்ளே கால் வைக்கவில்லை.

பிறகு பார்த்தால், அடுப்பின் குமிழ் ஒன்று அமுக்கிய நிலையிலேயே செப்புக் கம்பியால் இறுகக் கட்டப்பட்டிருந்தது. “கையை எடுத்தால் பைலட் அணைந்துவிடுகிறது தம்பி. சனிக்கிழமைக் கூட்டத்தில் எத்தனை தடவைதான் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது?” என்றார். பைலட் என்பது, பர்னரைப் பற்றவைப்பதற்காக எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் சிறு சுடர். இரவில் காற்று அந்தச் சுடரை அணைத்திருக்கிறது. கம்பி வாயுவை விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. பைலட்டில் போவது மெல்லிய ஓட்டம்தான். ஆனால் நாம் பயன்படுத்தும் திரவ எரிவாயு காற்றைவிடக் கனமானது. அது மேலே போய்க் கலையாமல் தரையோடு படியும். காற்றில் அதன் அளவு ஏறத்தாழ 2 சதவீதத்தை எட்டினாலே ஒரு பொறி போதும். குளிர்சாதனப் பெட்டி தானாக ஓடத் தொடங்கும்போது உள்ளே தெறிப்பதும் பொறிதான்.

பைலட் சுடருக்குள் தலையை நீட்டிக்கொண்டிருக்கும் சிறிய உலோக முனைதான் தெர்மோகப்பிள். அது சூடாகும்போது 20 முதல் 30 மில்லிவோல்ட் வரையான சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. வால்வுக்குள் இருக்கும் காந்தத்தைப் பிடித்துவைத்திருப்பது அதுவே. சுடர் அணைந்தால் முனை குளிரும், காந்தம் விடும், வாயு நிற்கும். குமிழைக் கட்டுகிறவர் சமையலறையின் ஒரே காவலாளியைக் கட்டிப்போடுகிறார்.

பைலட் நிற்காததற்குக் காரணங்கள் சிலதான். முதலில் குமிழை 30 விநாடி பொறுமையாக அமுக்கிப் பிடித்துப் பாருங்கள். பலர் பத்தாவது விநாடியிலேயே கையை எடுத்துவிடுகிறார்கள். அப்படியும் நிற்காவிட்டால், முனையில் கரி படிந்திருக்கலாம், முனை சுடரை விட்டு விலகியிருக்கலாம், பைலட் துளை அடைத்துச் சுடர் மெலிந்திருக்கலாம். எங்கள் ஊரில் இன்னொன்றும் உண்டு. டச்சு விரிகுடாவிலும் நிலாவெளியிலும் கடலைப் பார்த்த சமையலறைகளில், தெர்மோகப்பிள் வால்வோடு இணையும் இடத்தில் உப்புக்காற்று பச்சைக் களிம்பைப் பூசிவிடும். அவ்வளவு சிறிய மின்னழுத்தம் அந்தக் களிம்பைத் தாண்டாது. வாயுவை மூடிவிட்டு அந்த இணைப்பைக் கழற்றித் துடைத்து மறுபடி பூட்டினாலே பல அடுப்புகள் சரியாகிவிடுகின்றன. சரியாகாவிட்டால் புதிய தெர்மோகப்பிள் போடுங்கள். உப்புவெளியில் அன்று நான் செய்தது அதைத்தான், 20 நிமிட வேலை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அடுப்புக்கு நேரே காற்று அடிக்கும் சன்னலுக்கு ஒரு தடுப்பும் வேண்டும்.

மஞ்சள் சுடரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சுடர் நீலமாக, நின்று எரிய வேண்டும். மஞ்சளாக அலைந்து சட்டியின் அடியில் கரி பூசினால் வாயு முழுமையாக எரியவில்லை. அப்போது உண்டாகும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மதியம் ஆனால் தலையிடி என்று வெக்கையைக் குறை சொல்லும் சமையற்காரர்களிடம், முதலில் சுடரின் நிறத்தைத்தான் நான் கேட்பேன். மழைக்காலம் முழுவதும் பூட்டிக்கிடந்த நிலாவெளி விடுதிகளில், பர்னரின் காற்றுக் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். காற்றுக்கு வழியில்லாததால் நெருப்பு குமிழ்ப் பக்கமாகவே திரும்பி வந்த அடுப்பும் உண்டு.

வெளிநாட்டிலிருந்து வரும் பழைய அடுப்புகளை வாங்கும்போது இன்னும் கவனம் வேண்டும். அவற்றில் சில, அங்கே குழாயில் வரும் இயற்கை எரிவாயுவுக்காகச் செய்யப்பட்டவை. பர்னருக்குள் வாயுவை விடும் சிறு முனையான ஜெட்டின் துளை அவற்றில் பெரியது. அதில் சிலிண்டர் வாயுவை விட்டால் சுடர் கூரையைத் தொடும். சரியான ஜெட்டை மாற்றாமல் அதில் ஒரு தேநீர்கூடப் போடாதீர்கள். சுடர் போதவில்லை என்று ஜெட் துளையை ஊசியால் குடைந்து பெரிதாக்குவதும் இதே ஆபத்துதான்.

இரவு 8 மணிக்குக் கொத்துக்கும் பொரித்த சோற்றுக்கும் வரிசை நிற்கும்போது சுடர் படுத்துவிடுகிறது என்பார்கள். அடுப்பைக் கழற்றுமுன் சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். திரவம் வாயுவாக மாறும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். ஒரே 37.5 கிலோ சிலிண்டரில் பெரிய பர்னர்கள் பலவற்றை ஓட்டினால் அது வியர்த்துக் குளிர்ந்து, அழுத்தம் இறங்கிவிடும். இரண்டு சிலிண்டர்களைச் சேர்த்து இணைப்பதுதான் வழி. கடைசிச் சொட்டு வரை எடுக்கச் சிலிண்டரைச் சரித்துப் படுக்கவைக்கிறார்களே, அது என்னைக் கோபப்படுத்தும் வேலை. திரவம் ரெகுலேட்டருக்குள் ஏறினால் அடுப்பிலிருந்து வருவது சுடராக இராது, தீப்பந்தமாக இருக்கும்.

2021 கடைசியில் நாடெங்கும் வெடிப்புச் செய்திகள் வந்தபோது பலர் சவர்க்கார நீரோடு சிலிண்டரைச் சோதித்தார்கள். பிறகு அந்தப் பழக்கம் போய்விட்டது. சித்திரைப் புத்தாண்டு கழிந்து கடை திறக்கப்போகிறவர்கள், முதல் உலை வைக்கும் முன் ரெகுலேட்டரிலிருந்து அடுப்பு வரை ஒவ்வொரு இணைப்பிலும் அந்த நீரைத் தடவுங்கள். குமிழி எழும்பினால் வால்வை மூடிவிட்டு ஆளை அழையுங்கள். குழாயை இறுக்கும் கிளிப் துருப்பிடித்திருந்தால் அதையும் அன்றே மாற்றிவிடுங்கள், இந்தக் கடற்காற்றில் துருப்பிடிக்காத எஃகுக் கிளிப்தான் தாங்கும்.