காகிதம் பழசு என்றால் கடிதமும் பழசா?

பழைய யூதக் கடிதங்கள் அசலா போலியா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. இந்த மாதமும் ஒரு கடிதம் வந்துவிட்டது. தங்க முலாம் சட்டம், கண்ணாடி, பின்னால் ஒரு சான்றிதழ். ஹதம் சோஃபர் என்று புகழ்பெற்ற பிரஸ்பர்க் (இன்றைய ஸ்லோவாக்கியாவின் பிராத்திஸ்லாவா) ரப்பி, அதாவது யூத மதகுரு, மோசே சோஃபர் 1820களில் கைப்பட எழுதியதாம். முழுப் பணத்தையும் கட்டிவிட்டுத்தான் என்னிடம் கொண்டுவருகிறார்கள். வாங்குமுன் காட்ட மட்டும் யாருக்கும் நேரமில்லை.

"காகிதம் இருநூறு வருஷப் பழசுன்னு லேப்ல சொல்லிட்டாங்க சார்." இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. காகிதம் பழசுதான், யார் இல்லை என்றது? பழைய எபிரேயப் புத்தகங்களின் முன்னும் பின்னும் வெற்றுத் தாள்கள் இருக்கும். அவற்றைக் கிழித்து எழுதுவது போலிக்காரனின் பாலபாடம். காகிதத்தைச் சோதித்தால் காகிதத்தின் வயதுதான் தெரியும்; மை எப்போது ஏறியது என்று தெரியாது. 1790 என்று தேதி போட்ட கடிதம் பிற்காலத்து மரக்கூழ்த் தாளில் இருந்தாலோ, இக்கால வெளுப்பூட்டி சேர்ந்த தாளைப்போலப் புற ஊதா விளக்கில் முழுக்க நீலவெள்ளையாகப் பளீரிட்டாலோ, போலி என்று சொல்லிவிடலாம். அசல் என்பதற்குக் காகிதம் ஒருநாளும் சாட்சி சொல்லாது.

நான் முதலில் பார்ப்பது மடிப்பை. உறை பரவலாகுமுன் கடிதத்தையே மடித்து, அரக்கு வைத்து, வெளிப்பக்கம் முகவரி எழுதினார்கள். எழுதிய பின் மடித்தால் மடிப்பில் மை தேயும். மடிந்து நைந்த தாளில் எழுதினால், உடைந்த நாருக்குள் மை இறங்கிக் கசியும். இந்தக் கடிதத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து லென்ஸ் வைத்தேன். லாமெத் என்ற எபிரேய எழுத்து ஒன்றின் நீண்ட கழுத்து மடிப்பைக் கடக்கும் இடத்தில் மை இருபுறமும் ஊறியிருந்தது. அந்தக் காலத்து மாசிக்காய் மை (மாசிக்காயும் இரும்பு உப்பும் கலந்தது) பல சமயம் தாளை அரித்துப் பின்பக்கம் பழுப்பாகத் தெரியும். இதில் பின்பக்கம் படுசுத்தம்.

தேதியை நீங்களே பார்க்கலாம். யூத ஆண்டை ஆயிரத்தை விட்டுவிட்டு எழுதுவது வழக்கம். அதோடு 1240 கூட்டுங்கள். 560 என்றால் 1800. யூத ஆண்டு இலையுதிர் காலத்தில் தொடங்குவதால், அப்போதிலிருந்து டிசம்பர் முடியும்வரை மட்டும் ஓராண்டு குறையும். கிழமையையும் கணக்கிடுங்கள். யூதர்களின் சனிக்கிழமை ஓய்வுநாளான சபத்தில் எழுதுவதே விலக்கு. சனிக்கிழமைத் தேதியிட்டு ஒரு ரப்பி சாவகாசமாகக் கடிதம் எழுதினார் என்றால் நம்புகிறீர்களா?

எழுத்து ரப்பியுடையது இல்லை என்பதாலேயே போலி ஆகிவிடாது. எழுத்தர் எழுதி ரப்பி ஒப்பமிட்டவை உண்டு, மாணவர் எடுத்த பிரதிகளும் உண்டு. விலைதான் வேறு. விற்பவர் 'கைப்பட' என்கிறாரா, 'கையொப்பமிட்ட' என்கிறாரா என்று பாருங்கள்.

அசலாக இருந்தாலும் யார் யார் கைமாறி வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். 2021-ல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்த பதினேழு யூதச் சுருள்களையும் கையெழுத்து ஆவணங்களையும் அமெரிக்க அரசு கைப்பற்றியது. ருமேனியா, ஹங்கேரி, உக்ரைன், ஸ்லோவாக்கியா பக்கத்துச் சமூகங்களிடமிருந்து யூத இனப்படுகொலைக் காலத்தில் பறிபோனவை அவை. 'தாத்தா பெட்டியில் இருந்தது' என்பது பதில் இல்லை.

வாங்கியாயிற்றா? தபால்தலைக்காக ஓரத்தை வெட்டாதீர்கள். அஞ்சல் முத்திரையும் ஒரு சாட்சி. செலோடேப் ஒட்டாதீர்கள். லேமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம், கையெடுத்துக் கும்பிடுகிறேன். அமிலமில்லாத அட்டை உறையில் போட்டு, வெயில் படாத அலமாரியில் வையுங்கள்.