கரையோரத்தில் ஆழம் கூடினால் உப்பும் கூடும்

இராமநாதபுரம் கடற்கரையில் நீரோட்டம் பார்க்கப் போகும் இடங்களில், நிலவியலாளன் என்ற முறையில் என்னிடம் பெரும்பாலும் கேட்கப்படுவது, 'இன்னும் நூறு அடி இறக்கினால் நல்ல தண்ணீர் வருமா?' என்பதுதான். மதுரைப் பக்கத்துப் பாறை நிலத்தில் இக்கேள்விக்குப் பொருள் உண்டு. அங்கே ஆழத்தில் ஒரு வெடிப்பு அகப்பட்டாலும் நீர் கிடைக்கலாம். தொண்டியிலும் தனுஷ்கோடியிலும் வாலிநோக்கத்திலும் உள்ள மணற்பாங்கான கரையில், மேலே இருக்கும் நல்ல நீரையும் கெடுத்துக்கொள்வதற்கே அந்த நூறு அடி பெரும்பாலும் பயன்படுகிறது.

வடகிழக்குப் பருவமழையில் மணலுக்குள் இறங்கும் நீர், கடலிலிருந்து நிலத்தடியில் உட்புகுந்திருக்கும் உப்புநீரோடு உடனே கலந்துவிடாமல், எடை குறைவாக இருப்பதால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீரைவிடக் கடல்நீரின் அடர்த்தி ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்குதான் அதிகம் என்பதால், நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கலாம். கைபன், ஹெர்ஸ்பெர்க் ஆகிய ஆய்வாளர்களின் பெயரால் வழங்கும் இந்தக் கணக்கின் மறுபக்கத்தைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்: மட்டம் வெறும் 10 சென்டிமீட்டர் நிலையாகத் தாழ்ந்தால், அடியிலுள்ள உப்புநீர் நாளடைவில் 4 மீட்டர் மேலேறும். ஒரே குழாயில் சக்திமிக்க மோட்டாரை இடைவிடாமல் ஓட்டினால், குழாய்க்கு நேர் கீழே உப்புநீர் கூம்பாக எழும்பி வருகிறது. இரண்டு நீரும் சேரும் இடத்தில் கலப்பு மண்டலம் ஒன்றும் இருப்பதால், குடிக்கத் தகுந்த நீரடுக்கின் தடிமன் கணக்கில் வருவதைவிடக் குறைவாகவே இருக்கும்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடு இருக்க, குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு 250 மட்டுமே. நூறு குடம் நீரில் இரண்டு குடம் கடல்நீர் கலந்தாலே அந்த அளவு மீறப்படுகிறது.

களிமண் அடுக்குகளுக்குக் கீழே, ஆழத்தில் நன்னீர் அடைபட்டிருக்கும் இடங்களும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி, அது எவ்வளவு தடைபடுகிறது என்று அளக்கும் மின்தடை ஆய்வுக் கருவியில் களிமண்ணும் உப்புநீரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரிவதால், துளையிட்டு மண் படிவங்களையும் நீரையும் சோதிக்காமல் உறுதி சொல்ல இயலாது. (உள்ளங்கையில் தேங்காயை நிறுத்தி நீரோட்டம் பார்ப்பவரும் உவர்ப்பைச் சொல்ல முடியாது.) அப்படி ஆழமாகத் துளையிடும்போது, மேலடுக்கின் உப்புநீர் இறங்காதபடி குழாயைச் சுற்றி சிமென்ட் கலவையால் அடைக்க வேண்டும். செலவைக் குறைக்க முதலில் விடப்படுவது இந்த வேலைதான். விளைவை அந்த வீட்டார் மட்டுமல்ல, அக்கம்பக்கத்துக் கிணற்றுக்காரர்களும் அனுபவிக்கிறார்கள்.

தனுஷ்கோடியில் கடலுக்குச் சில அடி தூரத்திலேயே மணலைத் தோண்டி ஊற்று நீர் எடுப்பவர்கள், மேலே மிதப்பதை மட்டும் அகப்பையால் மெதுவாக முகந்துகொள்கிறார்கள். நீரியல் முறைப்படியும் அதுவே சரி. கரையோரத்தில் ஓர் ஆழ்துளைக் கிணற்றுக்குப் பதில், ஆழம் குறைந்த உறைகிணறுகள் சிலவற்றை இடைவெளி விட்டு அமைத்து, சிறிய மோட்டாரால் விட்டுவிட்டு இறைப்பதையே நான் பரிந்துரைப்பேன். மழைநீரை உள்ளே அனுப்பும் மணல்மேடுகளை வெட்டி விற்றுவிட்டு, அதே ஊரில் கிணறு உவர்த்துவிட்டதென்று வருந்துவதில் பயனில்லை.

ஏற்கெனவே கிணறு வைத்திருப்போர் தை மாதத்திலும் கோடையின் இறுதியிலும் உப்பு கூடக் கூட உயரும், நீரின் மின்கடத்துத் திறனை அளந்து எழுதிவைக்க வேண்டும். ஆண்டுக்காண்டு அது ஏறினால், நாவில் உப்புத் தெரியும்வரை காத்திராமல் இறைப்பு நேரத்தைக் குறைத்துவிடுங்கள்.