பெரிய கொடுவா ஏன் பெண்ணாகவே இருக்கிறது?

மதுரை கரிமேடு மார்க்கெட்டில் பத்துக் கிலோவைத் தாண்டிய கொடுவா மீன் வந்தால், அதன் செவுள் மூடியை ஒருமுறை உற்றுப் பாருங்கள். கீழ் ஓரம் ரம்பப் பல்லாக இருக்கும். மூலையில் தடித்த முள் ஒன்று துருத்தி நிற்கும். தூண்டில் நரம்பையே அறுத்துவிடும் விளிம்பு அது. பருவ காலமாக இருந்தால் வயிற்றில் சினையும் இருக்கும், ஏனெனில் அந்த அளவுக்கு வளர்ந்த கொடுவா பெரும்பாலும் பெண்தான்.

அது பெண்ணாகப் பிறந்ததல்ல. கொடுவா மூன்று, நான்கு வயதில் ஆணாகவே பருவமடைகிறது. சில ஆண்டுகள் ஆணாக இருந்து, ஏறக்குறைய ஆறு முதல் எட்டு வயதுக்குள் விந்தகம் கருவகமாக மாறிவிடுகிறது. விந்து உற்பத்திக்குச் சிறிய உடலே போதும். பல லட்சம் முட்டைகளைச் சுமக்கத்தான் பெரிய வயிறு வேண்டும். இந்தக் கணக்கை இயற்கை போட்டிருக்கும் விதம் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. பெரிய மீன்களையே தேடித் தேடிப் பிடித்தால் தாய்மீன்கள்தான் முதலில் தீரும்.

முட்டையிடுவது கடலையொட்டிய முகத்துவாரத்தில், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில். ஓதம் ஏறும்போது முட்டைகளும் இளம் குஞ்சுகளும் அலையாத்திக் காடுகளுக்கும் கழிகளுக்கும் அடித்துச் செல்லப்படுகின்றன. வழி திறந்திருந்தால் குஞ்சுகள் நன்னீர் வரை ஏறி வளர்ந்து, இனப்பெருக்கத்துக்குக் கடலோரம் திரும்பும். நம் வைகையில் அந்த வழி அடைபட்டுக் கிடக்கிறது. விரகனூர், பார்த்திபனூர் மதகணைகளைத் தாண்டும் தண்ணீர் இராமநாதபுரம் பெரிய கண்மாயில் சேர்கிறது. மிஞ்சினால்தான் ஆற்றங்கரை அருகே பாக் நீரிணையைத் தொடும்.

வேட்டையில் கொடுவா துரத்தி அலைவதில்லை. வேர்களுக்கும் பாறைகளுக்கும் இடையே அசையாமல் காத்திருக்கும். கலங்கிய நீரிலும் மங்கிய வெளிச்சத்திலும் அதற்குக் கண் தெரியும்: விழித்திரைக்குப் பின்னுள்ள படலம் ஒளியைத் திருப்பியனுப்புவதால், இரவில் டார்ச் அடித்தால் பூனையின் கண்போல மின்னும். இரை நெருங்கியதும் வாயையும் செவுள் அறையையும் ஒரே நேரத்தில் விரிக்கிறது. உள்ளே அழுத்தம் சட்டென்று குறைய, தண்ணீர் இறாலோடும் மீனோடும் வாய்க்குள் பாய்கிறது. தண்ணீர் செவுள் வழியே வெளியேறிவிடும். இரை முழுசாக உள்ளே போகும்.

தன் நீளத்தில் பாதிக்கு மேல் இருக்கும் இரையையும் அது விழுங்கும், அது சொந்த இனமாக இருந்தாலும். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997-இல் கொடுவாவைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்யவைத்தது. அன்றுமுதல் குஞ்சுப் பொரிப்பகங்களின் பெரிய தலைவலி இதுதான்: சில நாட்களுக்கு ஒருமுறை குஞ்சுகளை அளவு வாரியாகப் பிரித்து வேறு வேறு தொட்டிகளில் விடாவிட்டால், வளர்ந்தவை மற்றவற்றைத் தின்று தீர்த்துவிடும்.