ஜெரேனியம் எண்ணெயை முகத்தில் அப்படியே தேய்க்காதீர்கள்

இந்த மாதத்தில் இப்படி என்னிடம் வந்தவர்களில் இவர் மூன்றாவது. நாற்பது வயதிருக்கும். இமைகள் வீங்கிக் கண் திறக்க முடியவில்லை. இரண்டு கன்னமும் செக்கச்செவேலென்று இருக்க, ஓரங்களில் பொடிப்பொடியாக நீர்க்கொப்புளம். கர்ச்சீப்பில் சுற்றி வைத்திருந்த சின்னக் குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார். ஊட்டிக்குப் போனபோது வாங்கிய ஜெரேனியம் எண்ணெய். கன்னத்து மங்கு மறைய, தினமும் படுக்கும்முன் நாலைந்து சொட்டு அப்படியே தேய்த்திருக்கிறார்.

"பத்து நாள் ஒண்ணுமே பண்ணல டாக்டர். இயற்கைதானே?"

இந்த 'இயற்கைதானே'வைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. சேராங்கொட்டையும் இயற்கைதான். அதன் பால் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும். சித்த மருத்துவர்கள் நஞ்சு நீக்கிச் சுத்தி செய்யாமல் அதை மருந்தில் சேர்க்க மாட்டார்கள். எருக்கம்பாலைக் கண்ணருகே கொண்டுபோவோமா?

தொட்டியில் ஜெரேனியம் வளர்க்கிறீர்களா, தாராளமாக வளருங்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பயிராகிற அருமையான செடி. இலையைக் கசக்கினால் ரோஜா மணக்கும். ஆனால் இலை வேறு, எண்ணெய் வேறு. ஆயிரம் கிலோ தழையை ஆவியில் வடித்தால் ஒரு கிலோ எண்ணெய் கிடைக்கும், மிஞ்சிப்போனால் இரண்டு கிலோ. அப்படியென்றால் உங்கள் 10 மில்லி குப்பிக்குள் நாலரை முதல் ஒன்பது கிலோ தழையின் வீரியம் இருக்கிறது. அத்தனை தழையை அரைத்து யாராவது முகத்தில் பூசுவார்களா? குப்பிக்குள் இருப்பதால் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

'பத்து நாள் ஒன்றும் ஆகவில்லை' என்பதும் சமாதானமாகாது. அந்தப் பத்து நாளில்தான் உடம்பு ஒவ்வாமைக்குத் தயாராகிறது. ஒருமுறை தயாராகிவிட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் விடாது. இந்த எண்ணெயில் உள்ள ஜெரானியால், சிட்ரனெல்லால் என்ற மணச் சேர்மங்கள் இரண்டும் சோப்பு, ஷாம்பு, கிரீம் என்று வாசனையுள்ள பல பொருள்களில் இருப்பவை. ஐரோப்பாவில் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் இவற்றின் பெயரை லேபிளில் போட்டே ஆகவேண்டும். அந்த அம்மா இனி வாங்கும் ஒவ்வொரு சோப்பின் உறையையும் படித்துத்தான் வாங்கவேண்டும். எனக்கு மனசு கேட்காத இடம் இன்னொன்று. நம் மாநிறத் தோலில் இப்படிப் புண்பட்ட இடம் ஆறும்போது கறுத்துப்போகும். மங்கு மறையத் தேய்த்தவருக்கு அதைவிடக் கறுப்பான திட்டு மாதக்கணக்கில் நிற்கப்போகிறது.

கொசுவுக்காக வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'கொசு விரட்டும் செடி' என்று சிட்ரோசா ஜெரேனியம் விற்கிறார்கள். 1994இல் ஃபுளோரிடாவில் சோதித்துப் பார்த்தார்கள், கொசு விலகவில்லை. செடியை நம்பி வலையை எடுத்துவிடாதீர்கள்.

எண்ணெய் வேண்டும்தான் என்கிறவர்கள் இதையாவது செய்யுங்கள். ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய்க்கு ஒரே ஒரு சொட்டு. அதையும் முதலில் முழங்கையின் உள்பக்கம் தினம் இருவேளை, ஒரு வாரம் தடவிப் பாருங்கள். அரித்தால் அன்றே நிறுத்துங்கள். 'எரியுது, அப்போ வேலை செய்யுது' என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள். எரிச்சல் என்பது தோல் போடும் கூச்சல். குளிக்கிற தண்ணீரில் சொட்டாதீர்கள். அது கரையாது, மிதந்து வந்து நேராகத் தோலில் ஒட்டும். மூடி சரியாக மூடாமல் வருஷக்கணக்கில் கிடந்த குப்பி இன்னும் மோசம். காற்றுப்பட்ட எண்ணெய்க்கு ஒவ்வாமை கிளப்பும் குணம் கூடும். வாயில் ஒரு சொட்டுகூட வேண்டாம், சர்க்கரை குறையும் என்று யார் சொன்னாலும் சரி. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம். கைக்குழந்தைக்குத் தயவுசெய்து வேண்டவே வேண்டாம். வீட்டில் நாய், பூனை இருந்தால் செடியையும் எட்டாத இடத்தில் வையுங்கள். தின்றால் வாந்தி எடுக்கும்.

முகம் சிவந்துவிட்டதா? மஞ்சள், எலுமிச்சை, பற்பசை எதையும் அதன்மேல் போடாதீர்கள். வெறும் தண்ணீரில் கழுவிவிட்டுத் தோல் மருத்துவரிடம் போங்கள். பயந்துபோய்க் குப்பியைத் தூக்கி எறிந்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். எறியாதீர்கள், கையோடு கொண்டுவாருங்கள். முதுகில் ஒட்டுச் சோதனை செய்து எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க எங்களுக்கு அந்தக் குப்பியே வேண்டும்.